புறக்கணிப்புக்கு ஒரே அளவுகோல் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலக அளவில் எந்தப் பெரிய போட்டி வந்தாலும் 'புறக்கணிப்போம்' என்ற குரலும் கூடவே கிளம்பிவிடுகிறது. குரல் கொடுப்பதைத் தப்பென்று சொல்லவில்லை. யார்மேல் பாய்கிறார்கள், யாரைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்று பார்த்தால்தான் மனசு ஆறவில்லை.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பிய நாலே நாளில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ரஷ்ய அணிகளை விலக்கியது. அடுத்த சில நாளிலேயே பெய்ஜிங் குளிர்கால பாராலிம்பிக்கில், போட்டி தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, ஊர் விட்டு ஊர் வந்து காத்திருந்த ரஷ்ய, பெலாரஸ் மாற்றுத்திறனாளி வீரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். படையெடுப்பு குற்றம்தான், சரி. 2003இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்கிற்குள் புகுந்தனவே, மறுவருஷம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவர்கள் கொடியை யார் தடுத்தார்கள்? காஸாவில் பல்லாயிரம் பேர் செத்துக்கொண்டிருந்த 2024இல் இஸ்ரேல் தன் கொடியோடுதான் பாரிஸில் கலந்துகொண்டது. ரஷ்யர்களுக்கோ கொடியும் கிடையாது, தேசிய கீதமும் கிடையாது. விதிமுறையில் ஆயிரம் விளக்கம் சொல்வார்கள், ஆனால் ஒரு கண்ணில் வெண்ணெய், இன்னொரு கண்ணில் சுண்ணாம்பு என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாமலா போகும்?

நம்மையும் இதில் சேர்த்தே பேச வேண்டும். 2013 ஜூலையில் ஆசிய தடகளப் போட்டி சென்னையில் நடந்திருக்க வேண்டியது. இலங்கை வீரர்கள் வரக்கூடாது என்று நம் மாநில அரசு உறுதியாக நின்றதால் அது புனேவுக்குப் போய்விட்டது. ஈழத்தில் நம் மக்களைக் கொன்ற ஆத்திரம் எனக்கும் உண்டு, இன்றுவரை தணியவில்லை. ஆனால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடந்த வியாபாரம் அப்போது நின்றதா? இல்லை. சேலத்தில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது சென்னையில் இறங்கி, ஆசியாவின் பெரிய ஓட்டக்காரர்களைக் கண்ணெதிரே பார்த்திருக்கக்கூடிய நம் பிள்ளைகளுக்குத்தான் அது நஷ்டம்.

பாகிஸ்தான் விஷயம் இன்னும் மோசம். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்கு முன்பே பாகிஸ்தான் வீரர் அர்ஷத் நதீமைப் பெங்களூர் ஈட்டி எறிதல் போட்டிக்கு அழைத்திருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக நம் ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ராவையும் அவர் வீட்டாரையும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பை கிரிக்கெட்டில் இரண்டு நாடுகளும் மூன்று தடவை மோதின. பல நாடுகள் ஆடும் போட்டி என்றால் பரவாயில்லை என்பது நம் அரசின் கொள்கையாம். நீரஜ் அழைத்ததும் பல நாட்டு வீரர்கள் வரும் போட்டிக்குத்தானே! விளம்பரப் பணம் கொட்டுகிற கிரிக்கெட்டுக்கு ஒரு நியாயம், தடகளத்துக்கு ஒரு நியாயம்.

அப்படியானால் எந்தப் புறக்கணிப்புமே கூடாதா என்று கேட்பீர்கள். தென்னாப்பிரிக்க விவகாரத்தைப் பாருங்கள். அங்கே அநீதி மைதானத்துக்குள்ளேயே இருந்தது, கறுப்பர்களுக்கு நாட்டின் அணியிலேயே இடமில்லை. எங்களைப் புறக்கணியுங்கள் என்று கேட்டவர்களும் பாதிக்கப்பட்ட அந்த மக்களே. 1974இல் தென்னாப்பிரிக்காவோடு ஆட வேண்டிய டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியை இந்தியா ஆடாமலே விட்டுக்கொடுத்தது, நம் சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் கைக்கு வந்த வாய்ப்பை இழந்தார்கள். நம் அரசு தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தையும் 1946லேயே நிறுத்தியிருந்தது என்பதால் அந்தத் தியாகத்துக்கு அர்த்தம் இருந்தது. அங்கே நிறவெறிச் சட்டங்களை ஒழிக்கத் தொடங்கியவுடன், 1991 நவம்பரில் கொல்கத்தாவில் அவர்களை வரவேற்று கிரிக்கெட் ஆடியதும் நாம்தான். திரும்பி வருவதற்கு ஒரு வழியும் வைத்திருந்தோம்.

இன்றைக்குக் கூவுகிறவர்கள் இதில் எதைச் செய்கிறார்கள்? அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் உயரம் தாண்டுதலில் பதக்கம் வாங்கியவர். அப்படி ஒருவருக்கு ஒரு போட்டி போனால் நாலு வருஷம் போச்சு.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு கோரிக்கை. இனி புறக்கணிப்பு அறிக்கை எதையாவது வெளியிட்டால், அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தவும் நீங்கள் தயாரா என்று அறிக்கை விட்டவரிடம் கேட்டு, பதிலையும் பக்கத்திலேயே போடுங்கள். அந்தப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் வீரர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.