‘லா அண்ட் ஆர்டர்’ எழுதுகிறவர்களுக்கு: கதவைத் தட்டும் காட்சிகளைக் குறைத்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய எழுத்தாளர் குழுவினருக்கு,

வணக்கம். நியூயார்க் போலீஸையும் நீதிமன்றத்தையும் காட்டும் உங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘லா அண்ட் ஆர்டர்’ஐயும், அதிலிருந்து கிளைத்து பாலியல் குற்றங்களை விசாரிக்கும் பிரிவைப் பற்றிச் சொல்லும் ‘ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்’டையும் பல வருடங்களாக விடாமல் பார்த்துவருகிறேன். ஒரு கோரிக்கை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் எனக்கு மிகப் பிடித்த காட்சி எது என்று சொல்லிவிடுகிறேன். அதில் பிணம் கிடையாது, துரத்தல் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது.

லாரியிலிருந்து ஒருவர் பெட்டி இறக்கிக்கொண்டிருப்பார். துப்பறிவாளர்கள் இரண்டு பேர் வந்து ஒரு புகைப்படத்தை நீட்டுவார்கள். அவர் நின்று பேச மாட்டார். படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்குவார். “ஆமா, பாத்திருக்கேன். போன வாரம் யார்கூடவோ சத்தம் போட்டுட்டு இருந்தான்” என்கிற மாதிரி ஏதோ சொல்வார். பெட்டியைக் கீழே வைப்பார். திரும்பிப் போகப் போகும்போது, “பச்சை கலர் கார்ல வந்தான்” என்பார். அவ்வளவுதான். அவர் வேலைக்குத் திரும்பிவிடுவார், கதை அந்தப் பச்சை காருக்குப் பின்னால் ஓடத் தொடங்கும். அந்த ஆளை மறுபடி பார்க்கவே மாட்டோம். ஆனால் அவரிடம் போய்க் கேட்க இரண்டு பேர் இருந்தார்களே, அதற்காகத்தான் நான் இந்தத் தொடரைப் பார்க்கிறேன்.

காரணம் என் வீட்டில் நடந்தது. ஒரு பகலில் எங்கள் வீட்டுப் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். போன பொருட்களில் அப்பாவின் கைக்கடிகாரமும் ஒன்று. அவர் போன பிறகு அது ஒன்றுதான் அவர் நினைவாக என்னிடம் இருந்தது. விசாரிக்க வந்தவர் பத்து நிமிடம் எழுதினார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். எதிர்வீட்டுப் பெரியவர் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர். மூன்று மாதம் கழித்துப் பேச்சுவாக்கில் சொன்னார், அன்றைக்கு ஏணியோடு இரண்டு பேர் வந்ததைப் பார்த்தாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “என்னை யாரும் கேக்கலையேப்பா” என்றார்.

அதனால்தான் உங்கள் துப்பறிவாளர்கள் மாடிமாடியாக ஏறி இறங்கும்போது எனக்கு மனசு நிறைகிறது. திரை இருண்டு, இடத்தின் பெயரும் தேதியும் வெள்ளை எழுத்தில் விழுந்து, இசையமைப்பாளர் மைக் போஸ்ட் அமைத்த அந்த இரட்டைத் தட்டல் ஒலி கேட்கிற ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் இன்னொரு கதவுக்கு நடந்துபோயிருக்கிறார் என்று அர்த்தம்.

1990 செப்டம்பர் 13 அன்று தொடங்கியது இந்தத் தொடர். 2010 வரை 20 சீசன்கள், 456 அத்தியாயங்கள்; பிறகு நிறுத்தி, 2022இல் மறுபடி தொடங்கினார்கள். முதல் சீசனில் இருந்த முக்கிய நடிகர்களில் ஒருவர்கூட 2010 வரை நீடிக்கவில்லை. ஆட்கள் போனார்கள், வேலை தொடர்ந்தது. நடிகர் ஜெர்ரி ஆர்பாக் பன்னிரண்டு வருடம் துப்பறிவாளர் லெனி பிரிஸ்கோவாக வாழ்ந்தார். 2004 டிசம்பரில் அவர் இறந்தபோது சொந்தத்தில் ஒருவரை இழந்தது போலத்தான் இருந்தது. அவர் தானம் செய்த கண்களால் இரண்டு பேருக்குப் பார்வை கிடைத்தது என்று பிறகு படித்தேன். ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்த கண்கள் அவை. அவர் இல்லாமலும் தொடர் நடந்தது. ஏனென்றால் பார்வையாளரைப் பிடித்து வைத்திருந்தது ஒரு நாயகன் இல்லை, ஒரு முறை: விசாரணை, கைது, பிறகு நீதிமன்றம்.

முதல் பாதி போலீஸ், இரண்டாம் பாதி நீதிமன்றம் என்ற அந்த அமைப்புக்குப் பின்னால் வியாபாரக் கணக்கும் இருந்தது. ஒரு மணி நேரத் தொடர்களை மறு ஒளிபரப்புக்கு விற்பது சிரமமாக இருந்த காலம். தேவைப்பட்டால் இரண்டு அரை மணி நேரமாக வெட்டி விற்கலாம் என்று தொடரை உருவாக்கிய டிக் வுல்ஃப் யோசித்தார். கணக்குக்காகச் செய்தது கதைக்கு முதுகெலும்பாகிவிட்டது. முதல் பாதியில் போலீஸ் காட்டிய அவசரத்துக்கு இரண்டாம் பாதியில் விலை கொடுக்க வேண்டும். வக்கீல் வேண்டும் என்று கேட்ட பிறகும் கேள்வி கேட்டார்களா? வாக்குமூலம் செல்லாது என்று நீதிபதி தூக்கிப் போடுவார். வாரன்ட் இல்லாமல் அலமாரியைத் திறந்தார்களா? கத்தி கையில் இருந்தும் அதை ஜூரி முன்னால் காட்ட முடியாது. குற்றவாளி யார் என்று நமக்குத் தெரியும், நிரூபிக்க முடியாமல் தவிப்போம். அரசு வக்கீல் ஜாக் மெக்காய் தோற்று, கோப்பை மூடிவிட்டு எழுந்து போகும் அத்தியாயங்கள்தான் எனக்கு இன்றும் மறக்காதவை.

இங்கேதான் என் கவலை. அண்மைய சீசன்களில் கதவைத் தட்டுவது குறைந்துவிட்டதாக எனக்குப் படுகிறது. ஒரு கேமரா பதிவு, ஒரு செல்போன் டவர், கணினித் திரையில் ஒரு முகம், பத்து நிமிடத்தில் ஆள் கிடைத்துவிடுகிறான். மிச்ச நேரத்தை விசாரணை அறை எடுத்துக்கொள்கிறது. மேஜையைத் தட்டுகிறார்கள், குரலை உயர்த்துகிறார்கள், சந்தேக நபர் உடைந்து ஒத்துக்கொள்கிறான், நமக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதி எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் தொடர் தொடங்கிய அதே 1990இல், அதே நியூயார்க்கில், சென்ட்ரல் பார்க் பூங்காவில் ஓடப்போன ஒரு பெண் தாக்கப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளான வழக்கில் ஐந்து சிறுவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. கைதானபோது அவர்களுக்கு வயது 14 முதல் 16. மணிக்கணக்காக நடந்த விசாரணையில் பெற்ற வாக்குமூலங்களைத்தான் அரசுத் தரப்பு பெரிதாக நம்பியது. தாக்கப்பட்ட பெண்ணிடமிருந்து எடுத்த மாதிரிகளின் டிஎன்ஏ அவர்கள் யாருடையதோடும் பொருந்தவில்லை. 2002இல் வேறொருவர் தானே செய்ததாகச் சொன்னார், டிஎன்ஏவும் அவரோடு பொருந்தியது, தீர்ப்புகள் ரத்தாயின. அதற்குள் அந்தப் பிள்ளைகளின் இளமை சிறையில் கழிந்துவிட்டது. வாக்குமூலம் கிடைத்ததும் விசாரணை முடிந்தது என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் ஊரிலேயே இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கேட்பவர் காது கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் உங்கள் தொடர்தான் காட்டியது. ‘ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்’டில் 1999 முதல் போலீஸ் அதிகாரி ஒலிவியா பென்சனாக நடிக்கும் மரிஸ்கா ஹார்கிடேவுக்கு, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். பலர் அதுவரை யாரிடமும் சொல்லாததை அவருக்கு எழுதினார்கள். அவர் நடிகைதான் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் திரையில் ஒருத்தி எதிரே உட்கார்ந்து, அவசரப்படுத்தாமல் கேட்டாளே! ஹார்கிடே அதற்கென்று பயிற்சி எடுத்துக்கொண்டார், 2004இல் ‘ஜாய்ஃபுல் ஹார்ட்’ அறக்கட்டளையைத் தொடங்கினார். 2009இல் டெட்ராய்ட் போலீஸ் கிடங்கு ஒன்றில் 11,000க்கு மேற்பட்ட பாலியல் வன்முறைத் தடயப் பெட்டிகள் பரிசோதிக்கப்படாமல் கிடந்தது தெரியவந்தது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு பெண் வலியோடு உடம்பைப் பரிசோதிக்க விட்டுத் தந்த சாட்சி. அப்படித் தேங்கிக் கிடப்பவற்றைப் பரிசோதிக்க வைக்க அந்த அறக்கட்டளை இன்றுவரை போராடுகிறது.

அந்தக் கடிதங்கள் எந்தத் துரத்தல் காட்சியைப் பார்த்தும் வரவில்லை. நீங்கள் கணினித் திரைக்காகவும் மேஜை தட்டலுக்காகவும் வெட்டுகிற நிமிடங்களைப் பார்த்துத்தான் வந்தன.

என் கோரிக்கை இதுதான். கேமராக்கள் இருக்கட்டும், இன்றைய விசாரணையில் அவை இல்லாமல் முடியாது. ஆனால் கேமரா சொன்னதைச் சரிபார்க்க ஒருவரைப் படியேற வையுங்கள். ஒத்துக்கொண்டவன் சொன்னது பொய்யாக இருக்கும் அத்தியாயங்களை எழுதுங்கள். அதிகாரியின் சொந்தப் பழிவாங்கலை வருடம் முழுக்க நீட்டாதீர்கள். அந்த நேரம் செத்துப்போனவருக்குச் சேர வேண்டியது. சில வழக்குகள் தோற்கட்டும், ஏன் தோற்றன என்பதையும் காட்டுங்கள்.

அடுத்த சீசனில் எங்காவது ஒரு ஜன்னலோரத்தில் ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். கதைக்கு அவரால் ஒரு பயனும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு பேர் போய் அவரிடம் கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நீண்டநாள் பார்வையாளர்