பெசே-நான்க்ருவாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? கேட்டால் “பரவாயில்லை” என்றுதான் சொல்வீர்கள். சரி, அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

“மலையில் என்னடா வேலை?” என்று கேட்டீர்களே, ஓட்டல் சமையலறையில்தான். ஊர் பெயர் பெசே-நான்க்ருவா, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் சவ்வா பக்கம். பக்கத்து மலைக்கு மோன் பூரி என்று பெயர். நம் பூரி இல்லை, 3,779 மீட்டர் உயரம்! குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கூட்டம், கோடையில் கையில் கோலோடு நடக்கிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் நான் வேகவைப்பது குரோசே. சுண்டுவிரல் நகமளவு சதுரமாக வெட்டிக் காயவைத்த மாவு, மேலே போஃபோர் சீஸ். மிளகாய்ப் பேச்சே கிடையாது. எனக்கு மட்டும் ஊறுகாய் பாட்டில்.

போன திங்கள் லீவு. பொந்த்யூரின் ஆற்றை ஒட்டி மேலே நடந்தேன். பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டே போனால் நீஸ் கடற்கரைக்கே போய்விடலாமாம். எதிரே வருகிற எல்லோரும் “போன்ழூர்”, அதாவது வணக்கம், சொல்கிறார்கள். பாரிஸ் மெட்ரோவில் மூன்று வருஷமாகக் கேட்காததை ஒரே காலையில் கேட்டுவிட்டேன்.

வழியில் புல்லுக்கு நடுவே பழைய பெரிய கல்சுவர்கள். ‘சுரங்க அரண்மனை’ என்கிறார்கள், ஆனால் ராஜா யாரும் இருந்ததில்லை. வெள்ளி கலந்த ஈயம் எடுத்த சுரங்கத்தின் கட்டடம் அது. 18ஆம் நூற்றாண்டில் தோண்ட ஆரம்பித்து 1866இல் மூடிவிட்டார்கள். 1802இல் பாரிஸின் சுரங்கக் கல்லூரியையே இந்தப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். பாடம் கீழே மூத்தியே ஊரில், செய்முறை இந்தச் சுரங்கத்தில். நெப்போலியன் விழுந்ததும் கல்லூரியும் போய்விட்டது.

மில் மூடிய பிறகு ஒருநாள் என்னைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே சும்மா நின்றீர்களே, அது ஞாபகம் வந்தது. இங்கே கேட்டும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். வெயிலிலும் ஜில்லென்றிருந்தது.

அதற்கும் மேலே வனுவாஸ் தேசியப் பூங்கா. பிரான்சில் முதல் தேசியப் பூங்கா இதுதான், 1963இல் ஆரம்பித்தது. அம்மாவுக்கு ஒரு பூ வைத்து அனுப்பலாம் என்று பார்த்தால், பறிக்கவே கூடாதாம். ஜூன் மாதத்திலும் நிழலில் பனி கிடந்தது. என் கேன்வாஸ் ஷூ வழுக்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த பாட்டி, உங்களைவிட வயசு கூட இருக்கும், கோலை நீட்டித் தூக்கிவிட்டார்.

இந்த மாதம் ஷூவுக்குப் போக மீதியைத்தான் அனுப்ப முடியும். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது, நான் விழுந்ததை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் மகன்