முத்திரை வேண்டாம்

ஆசிரியருக்கு,

பிள்ளைகளைப் 'பார்த்துக் கற்பவர்', 'கேட்டுக் கற்பவர்' என்று கற்கும் பாணிப்படி முத்திரை குத்திப் பிரிப்பதையும், மொழி, கணிதம், இசை என அறிவுத்திறன் பல வகைப்படும் என்று அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் முன்வைத்த பன்முக அறிவுத்திறன் கோட்பாட்டையும் பலர் ஒன்றாகக் குழப்புகிறார்கள். இரண்டும் வேறு என்று கார்ட்னரே சொல்லியிருக்கிறார். கற்கும் பாணிக்கேற்பப் பிரித்து நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என 2008இல் உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லரின் குழு ஆராய்ந்து சொன்னது. (நிலப்படத்தைக் காதால் எப்படிப் படிப்பது?)

கற்பிக்கும் வழியைப் பாடம்தான் தீர்மானிக்க வேண்டும். பின்னம் என்றால் வகுப்பு முழுவதும் தாளை நான்காக மடித்து, மூன்று பங்குக்கு வண்ணம் தீட்டி, 3/4 என எழுதட்டும். அதையே மீண்டும் எட்டாக மடித்தால், வண்ணம் மாறாமல் 6/8 ஆவது கண்ணில் படும். மடிப்பு சமமாக இல்லாவிட்டால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும். மறுநாள் தாள் இல்லாமல் அதே கணக்கைக் கேளுங்கள்.