முகாம் போதும், ஓர் ஆளை உட்கார வையுங்கள்

நகரத்து ஓரத்து அடுக்குமாடியில் எங்களைக் குடிவைத்த அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் குடியிருப்பில் சிறப்பு முகாம் நடத்தியதற்கு முதலில் நன்றி. பந்தல் போட்டீர்கள், மோர் கொடுத்தீர்கள், மனு வாங்கி எண் போட்டு ரசீதும் கொடுத்தீர்கள். சாயங்காலம் பந்தலைப் பிரித்ததும் எல்லாரும் வண்டியேறிவிட்டீர்கள். ரேகை எடுக்கிற கருவிக்கு அன்றைக்கென்று பார்த்து சர்வர் கிடைக்கவில்லையாம். பாதிப் பேர் காத்துக் கிடந்ததே அதற்காகத்தான்.

நாங்கள் வேலை பார்த்த மாஞ்சோலை மலைத் தேயிலைத் தோட்டத்தின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் தேயிலைக் கம்பெனிக்கு 99 வருஷத்துக்குக் குத்தகை விட்ட காடு, 2028-இல் கெடு முடிவது, 2024-இல் விருப்ப ஓய்வு என்று கம்பெனி எங்களிடம் வாங்கிய கையெழுத்து, உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு எல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும். கீழே இறங்கி வந்த பிறகு எங்கள் பாடு என்ன என்பது மட்டும் எந்தக் கோப்பிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

எங்கள் குடியிருப்பில் இருக்கும் வயசான பொம்பிளைகள் யாருடைய கையையாவது வாங்கிப் பாருங்கள். காலமெல்லாம் கொழுந்து கிள்ளின கை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறை ஏறி, வெடித்து, வெடிப்பு ஆறி, கடைசியில் வழவழவென்று ஆகிவிட்டன. அந்த விரலைத்தான் ரேஷன் கடைக் கருவி கேட்கிறது. "நல்லாத் தொடச்சிட்டு வையுங்க ஆச்சி" என்கிறார் கடைக்காரர். என் அம்மா முந்தானையில் துடைத்து வைக்கிறாள். விழவில்லை. அடுத்த விரல். அதுவும் இல்லை. பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. "ரேகையெல்லாம் கொழுந்தோட போயிட்டு தம்பி" என்று சொல்லிவிட்டு வெறும் பையோடு வந்தாள்.

ரேகை இல்லாவிட்டால் செல்போனுக்கு ஓடிபி வருமாம். ஆதாரில் இருப்பது மேலே எங்கள் நாலுமுக்கு எஸ்டேட்டில் சிக்னல் பிடிக்கிற இடமாகத் தேடிப் போய்ப் பேசின காலத்துச் சிம். அது ரீசார்ஜ் இல்லாமல் செத்து நாளாகிறது. எண்ணை மாற்ற ஆதார் மையம் போனால் அங்கேயும் முதலில் விரலைத்தான் கேட்கிறார்கள். முகவரி மாற்றலாம் என்றால் புது வீட்டுக்கு அத்தாட்சி வேண்டும். ஒதுக்கீட்டு ஆணை இறந்துபோன அப்பா பேரில் இருக்கிறது. விரல் பொருந்தாத காரணத்துக்காக யாருக்கும் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதியது. கடைக்காரரிடம் சொன்னால், "எனக்கு மேல இருந்து சொல்லணும்லா" என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மேலிடம் நீங்கள்தான்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: வாரத்தில் ஒரு நாள், எங்கள் குடியிருப்பிலேயே, கையெழுத்துப் போட அதிகாரமுள்ள ஓர் ஆள். மனுவை வாங்கி இன்னொருவருக்கு அனுப்புகிறவர் வேண்டாம். அங்கேயே கணினியைத் திறந்து திருத்தித் தருகிறவர் வேண்டும்.

மற்றதெல்லாம் உண்டு. மேலே குளிரில் ஃபேனே இல்லாமல் இருந்தவர்கள் இங்கே அக்கினி நட்சத்திரத்தில் மூன்றாம் மாடியில் வேகிறார்கள். மூட்டு தேய்ந்தவர்கள் படி இறங்குவதே நல்லநாள் பெரியநாளுக்குத்தான். கொழுந்து பறிக்க மட்டும் தெரிந்த ஐம்பது வயசுக்காரிக்கு டவுனில் யார் வேலை தருவார்கள்? கிராமத்துப் பக்கம் ஒதுங்கியிருந்தால் ஊரக வேலைத் திட்டத்திலாவது வேலை உண்டு. மாநகராட்சி எல்லைக்குள் அதுவும் கிடையாது. திங்கட்கிழமை மனு நாளுக்கு வா என்பீர்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து, வந்து நின்றால் அதே ரசீது.

நாங்கள் இறங்கிய காட்டில் புலி இருக்கிறது. அதற்குக் காப்பகம் இருக்கிறது, மரத்துக்கு மரம் கேமரா இருக்கிறது, இத்தனை உருப்படி என்று கணக்கு இருக்கிறது. புலி நன்றாக இருக்கட்டும், அதன்மேல் எங்களுக்குப் பொறாமை இல்லை. ஆனால் அதன் கால்தடத்தை அளக்க ஆள் போட முடிகிற அரசாங்கத்துக்கு எங்கள் கைரேகைக்கு ஓர் ஆள் கிடைக்காதா? புலியிடம் யாரும் முகவரிச் சான்று கேட்பதில்லை என்பதும் உண்மைதான்.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பதை மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். தரைத்தளத்தில் வாட்ச்மேனுக்கென்று கட்டிய அறை பூட்டியே கிடக்கிறது. சாவி உங்களிடம்தான் இருக்கிறது. கூட்டிப் பெருக்கி மேஜை நாற்காலி நாங்கள் போட்டுவிடுகிறோம், குடிக்கத் தேத்தண்ணியும் தருகிறோம். வாரம் ஒரு நாள் ஓர் ஆளை, கருவியோடும் முத்திரையோடும் அனுப்பிவையுங்கள். எந்தக் கிழமை என்று முன்கூட்டிச் சொன்னால் மாடியில் இருக்கிற வயசானவர்களைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிவர வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
நாலுமுக்கில் பிறந்து, இப்போது உங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஒருவன்