தாத்தா எத்தனை பேரைச் சுட்டார்?

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். போன ஞாயிறு போனில் உன் மகன், "தாத்தா, சண்டையில எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்டதும் நீ பதறிப்போய் போனைப் பிடுங்கிக்கொண்டாய். பிள்ளை கேட்டதில் தப்பே இல்லை. பதில்தான் அவனுக்குச் சப்பென்று இருக்கும். ஒருத்தரையும் சுடவில்லை.

நான் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் என்ஜினீயர் படை. பெங்களூரு அல்சூரில் டிரெயினிங். பஞ்சாபி ஆபீசர்கூட எங்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது, இதுதான் எங்கள் பிழைப்பு. 1971 டிசம்பர் பாகிஸ்தான் சண்டையில் ஷகர்கர் பக்கம் பசந்தர் ஆற்றில் எங்கள் 9 என்ஜினீயர் ரெஜிமென்ட்டுக்கு வந்த வேலையும் அதுவே. டேங்க் போக வழி எடுத்துத் தரவேண்டும்.

எப்படி என்று அவனுக்குச் சொல். இருட்டில் குப்புறப் படுத்து, கம்பியை மண்ணில் சாய்வாகக் குத்திப் பார்க்கவேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையிலேயே படும். டேங்குக்கு வைத்தது ஆள் பாரத்துக்குப் பெரும்பாலும் வெடிக்காது. ஆனால் அதைச் சுற்றி ஆளுக்கென்றே சின்னச் சின்னதாகப் புதைத்திருப்பான், காலை எடுப்பது அதுதான். எடுத்த வழிக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போகவேண்டும். மேலே ஷெல் விழுந்துகொண்டிருக்கும், எழுந்து ஓட முடியாது. எங்கள் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அந்த வேலையில்தான் இறந்தார். பிறகு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள்.

வழி முழுசாக முடியும் முன்பே பூனா ஹார்ஸ் டேங்குகள் உள்ளே இறங்கிவிட்டன. அக்கரையில் காலாட்படைக்கு அவ்வளவு அவசரம். மறுநாள் 16-ஆம் தேதி அந்தப் பூனா ஹார்ஸ் ஆபீசர் அருண் கேத்ரபால் டேங்கிலேயே உயிர்விட்டார். பரம்வீர் சக்ரா வாங்கிய அவருக்கு வயது 21. எனக்கும் அப்போது 21. நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அந்த நாடாதான் ஞாபகம் வரும்.

1983-ல் பென்ஷனோடு குடியாத்தம் வந்தேன். வந்ததும் கிடைத்த வேலை தீப்பெட்டி கம்பெனியில். கண்ணிவெடி மருந்தை விட்டு வந்தவனுக்குத் தீக்குச்சி மருந்து! அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

ஊரில் எனக்கு 'மிலிட்டரி' என்றே பெயர். அந்தப் பெயருக்கு இப்போது செய்வதெல்லாம் காகித வேலைதான். நவம்பர் வந்தால் பட்டாளத்துக்காரர்களின் விதவைகள் நம் திண்ணைக்கு வந்துவிடுவார்கள், பென்ஷனுக்கு உயிர்ச்சான்று போட. முன்பு கைரேகை மிஷினில் அவர்கள் விரல் பதியாது, எல்லாம் பாத்திரம் தேய்த்து, நெசவு நெய்து தேய்ந்த விரல். இப்போது போனில் முகத்தைக் காட்டினால் போதும். அதிலும் ஒரு பாட்டி கண்ணைச் சிமிட்டச் சொன்னால் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள், போன் ஏற்றுக்கொள்ளமாட்டேன் என்கிறது. நான் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் இதை யார் செய்வது? நீ கேட்ட இன்னொரு கேள்விக்கும் இதுதான் பதில், சரியா?

நம்ம ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். உங்கள் ஊர் பள்ளிக்கூடம் ஜூனில்தான் லீவு விடும் என்பாய். சரி, ஜூனிலேயே வாருங்கள். மாத்திரை எதுவும் வாங்கி வராதே, பட்டாளத்துக்காரர்களுக்கான வேலூர் பாலிகிளினிக்கில் எல்லாம் தருகிறார்கள்.

இப்படிக்கு,
அப்பா