25 லட்சம் ரூபாய் மின்சாரக் காருக்குச் சாலை வரி இல்லை, கீரை வண்டிக்கு மட்டும் ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

2024-ல் மின்சார ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன், விலை 1 லட்சத்து 20 ஆயிரம். அதே விலைக்குப் பெட்ரோல் வண்டி எடுத்திருந்தால் சாலை வரி (வாங்கும்போது ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள் வரி) 12 சதவீதம், அதாவது 14 ஆயிரத்துக்கு மேல் கட்டியிருக்க வேண்டும். மின்வண்டி என்பதால் ஒரு பைசா கட்டவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, அண்ணனுடைய பெட்ரோல் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வரைக்கும்.

அண்ணனுக்குக் கீரை வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணிச் சந்தையில் கட்டுகளை எடுத்து, பழைய டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பக்கமும் சாக்கைத் தொங்கவிட்டு, ஒத்தக்கடை, திருமோகூர் என்று தெருத் தெருவாகப் போகிறார். அந்தப் பாரத்தோடு நின்று நின்று ஓட்டுவதால் தினமும் ஏறக்குறைய ஒரு லிட்டர் குடித்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மாநில விற்பனை வரி (வாட்) 13 சதவீதம், அதோடு 11 ரூபாய் 52 காசு. மத்திய கலால் வரியையும் சேர்த்தால் 2025-ல் 40 ரூபாய்க்குப் பக்கத்தில் வரியாகவே போனது. மாதத்தில் 25 நாள் ஓட்டினால் 1,000 ரூபாய். எனக்கு ஒரு தடவை விட்டுக்கொடுத்த தொகையில் பெரும்பகுதியை அவர் வருஷா வருஷம் கட்டுகிறார், வண்டி வாங்கும்போது கட்டிய வரி தனி.

சரி, என்னைவிட வசதியானவர்கள் கதை என்ன? 25 லட்சத்துக்குப் பெட்ரோல் கார் வாங்கினால் தமிழ்நாட்டில் 20 சதவீதம், சுமார் 5 லட்சம் சாலை வரி. அதே விலையில் மின்சாரக் கார் என்றால் பூஜ்யம். ஜிஎஸ்டியும் அப்படித்தான், மின்சாரக் கார் எவ்வளவு விலையானாலும் 5 சதவீதம், பெட்ரோல் மொபெட்டுக்கு 2025 செப்டம்பரில் குறைத்த பிறகும் 18 சதவீதம். கார் வைத்திருப்பவர்கள் டோல் கட்டுகிறோமே என்பார்கள், உண்மைதான், ஆனால் ஊருக்குள் ஓடும் ரோட்டுக்கு டோல் கிடையாது. பேட்டரியால் அந்தக் கார்களின் எடையும் கூடுதல். அச்சில் விழும் எடை இரண்டு மடங்கானால் ரோட்டின் தேய்மானம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது சாலைப் பொறியாளர்கள் போடும் கணக்கு. அதன்படி பார்த்தால் லாரியும் பஸ்ஸும்தான் ரோட்டை உடைக்கின்றன, கார் கொஞ்சம் தேய்க்கும், அண்ணனுடைய எக்ஸெல் ரோட்டை என்ன செய்துவிடப் போகிறது?

அவரையும் மின்வண்டிக்கு மாறச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நானும் சொன்னேன். அவர் இருப்பது லைன் வீடு, ஆறு குடித்தனத்துக்கு ஒரே வாசல், வண்டி நிற்பது தெருவில். ராத்திரி ஜன்னல் வழியாக ஒயர் இழுத்துச் சார்ஜ் போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, அப்புறம் என்ன செய்ய?

மின்வாகனச் சலுகையை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. புகை குறைய வேண்டும், என் வண்டியும் அதனால்தான் வாங்கினேன். ஆனால் 2022 இறுதி வரை என்று தந்த வரிவிலக்கை 2023 மின்வாகனக் கொள்கையில் 2025 இறுதி வரையும், பிறகு 2027 இறுதி வரையும் நீட்டினார்களே, அப்போதே தனியார் கார்களுக்கு ஒரு விலை வரம்பு வைத்திருக்கலாம். கர்நாடகம் 2024-ல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 10 சதவீதம் போட்டது. கேரளம் 2025-ல் விலைக்குத் தகுந்தபடி 5, 8, 10 சதவீதம் என்று பிரித்தது. நாமும் 15 லட்சத்துக்கு மேலான கார்களுக்காவது வரி வாங்க வேண்டும்.

வருகிற பணத்துக்கும் வழி இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் உணவு, பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளர்கள் 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20 ஆயிரம் மானியம் அறிவித்தார்கள். அதைக் கீரை, மீன், பூ விற்பவர்களுக்கும் கொடுங்கள், கூடவே சந்தை வாசலிலும் லைன் வீட்டுத் தெருக்களிலும் பொதுச் சார்ஜ் பாயிண்ட் வையுங்கள். மாட்டுத்தாவணியில் விடியற்காலை போய்ப் பார்த்தால் அண்ணனைப் போல எத்தனை எக்ஸெல் நிற்கிறது என்று தெரியும்.

இப்படிக்கு,
ஒரு மின்ஸ்கூட்டர்காரர்,
மதுரை