எப்போது முடிப்பது என்று முதலில் எழுது

சுங்கை சிப்புட்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். மாமியாருக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை. நாம் பிறந்த லயம், அந்தத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை இருந்த இடத்தில் இப்போது கண்ணுக்கெட்டிய மட்டும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கோயில் மட்டும் அப்படியே இருக்கிறது. திருவிழாவுக்கு எங்கிருந்தாலும் வந்து கூடிவிடுகிறார்கள்.

தலைமையாசிரியை ஆனதிலிருந்து இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்தும் எதுவும் முடிந்த மாதிரி இல்லை, முன்போல் சுறுசுறுப்பு இல்லையோ என்று எழுதியிருந்தாய். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன் சுறுசுறுப்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் வேலைக்கு முடிகிற நேரம் என்று ஒன்று இல்லை, கோளாறு அங்கேதான்.

நம் அம்மாமார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியதை நினைத்துப் பார். பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் இருட்டோடு காட்டில் இறங்குவார்கள். விடியும் நேரத்தில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் வழியாக நீர் போய்விடும், ஓட்டமும் குறையும். எப்போது வெட்டி முடிக்க வேண்டும் என்பதை மரமே சொல்லிவிடும். அதற்குள் நானூறு, ஐந்நூறு மரம். பிறகு பசியாறிவிட்டு, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் இருந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால் அன்றைய வேலை தீர்ந்தது.

அம்மா உளி பிடித்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் வெட்டுக்கோட்டில் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை விரலால் ஒரே இழுப்பில் உரித்துவிடுவார். பிறகு இடப்பக்க மேல்முனையில் உளியை வைத்து, மரத்தை ஒட்டி நகர்ந்தபடியே சரிவாக இழுத்து வருவார். சீவி விழும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். ஆழமாகப் போனால் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பின்னால் அதில் உளி ஓடாது. ஒருநாள் வெட்டிய மரத்துக்கு மறுநாள் ஓய்வு. ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் பட்டை வறண்டு பாலே நின்றுபோகும். பழைய காயத்தையே மெல்லிசாகச் சீவித் திறந்தால் பால் கூடுகிறது என்று 1890-களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் அதன் இயக்குநர் ரிட்லி சோதித்துக் காட்டினார். நம் ஊர்த் தோட்டமெல்லாம் அந்த முறையில் நடந்ததுதான்.

உனக்கு அப்படி நேரம் சொல்ல மரம் இல்லை. அதனால் நீதான் சொல்ல வேண்டும். கொடுத்த நேரம் முழுவதையும் வேலை பரவி அடைத்துக்கொள்ளும் என்று 1955-இல் பார்க்கின்சன் எழுதினார். அப்போது அவர் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். வேறு வேலை இல்லாத ஒரு மூதாட்டி, உறவுப் பெண்ணுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி அனுப்பவே முழு நாளையும் செலவிடுவாள் என்பது அவர் காட்டிய உதாரணம்: அட்டையைத் தேட ஒரு மணி நேரம், மூக்குக் கண்ணாடியைத் தேட இன்னொரு மணி நேரம். நேரம் குறைந்தவன் அதையே மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவானாம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். இங்குள்ள கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன் அல்லவா, வருமான வரிப் படிவத்துக்கு ஜூன் 30 கெடு என்பதால் மே மாதத்திலிருந்தே நெருக்கடி. உட்காரும் முன் தாளின் தலையில் எழுதிவிடுவேன்: "மளிகைக்கடை, மார்ச் வங்கிக் கணக்கு ஒத்துப் பார்ப்பது, பத்தரை வரை." கைப்பேசி அடுப்பங்கரையில் கிடக்கும். அவசரமென்றால் நேரே வந்து கதவைத் தட்டுவார்கள், சின்ன ஊர்தானே. பத்தரைக்கு மூடிவிடுவேன். முடியாவிட்டால், எந்த வரியில் நிறுத்தினேன், அடுத்து எந்த ரசீதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைப்பேன். அந்த ஒரு வரிதான் இரவில் தூங்க விடுகிறது.

நீ யோசித்துச் செய்ய வேண்டியதைக் காலையில் வை. கால அட்டவணை, ஆசிரியர் பிரச்சினை, பெற்றோருக்குப் பதில் எல்லாம் அப்போதுதான். படிவம் நிரப்புவதை மதியத்துக்குத் தள்ளு. இரவு பத்து மணிக்கு ஓர் ஆசிரியரைப் பற்றிக் கோபமாக ஏதாவது தோன்றினால், உடனே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தட்டிவிடாதே. தாளில் எழுதி வைத்துக் காலையில் படித்துப் பார். பாதியை நீயே அடித்துவிடுவாய். மேலிடத்தில் இரவில் புள்ளிவிவரம் கேட்கிறார்கள், அது உன் கையில் இல்லை என்பது தெரியும். எல்லாக் கேள்விக்கும் அன்றிரவே பதில் போக வேண்டுமா என்று ஒருமுறை அவர்களிடமே கேட்டுவிடு. பல நேரம் "நாளைக்குப் போதும்" என்றுதான் வரும்.

ஒரு மாதம் ஒன்பது மணிக்கு மடிக்கணினியை மூடிப் பார்த்துவிட்டு, எந்த வேலை நின்றுபோனது என்று எழுது. சின்னவளுக்கு எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு முடிவு எப்போது? பள்ளி விடுமுறையில் அவளையும் அழைத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய லயத்துத் தோழி